நாலு தடம் போட்ட செவர்லே

"ஒரு கார் போனா ரெண்டு தடம்தான் விழும். உங்க காருக்கு மட்டும் எப்படிங்க நாலு தடம் விழுது?"

கலைமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால், திருவையாறு சாலையின் ஒரு பாதியை அடைத்துக்கொண்டு சம்பா நெல் காய்ந்தது. ஓரத்தில் செங்கல்லும் கருவேல முள்ளும் வைத்து எல்லை கட்டியிருந்தாள். அந்த எல்லையை பஸ் மதித்தது, மணல் லாரிகூட மதித்தது. நாகேஸ்வரனின் செவர்லே மட்டும்தான் மதிக்கவில்லை.

அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். நெல்லின்மேல் முன்சக்கரங்கள் போட்ட தடம் இரண்டு. அதற்குச் சற்றுத் தள்ளி, முன்சக்கரத்தோடு பேச்சுவார்த்தையே இல்லாத மாதிரி, பின்சக்கரங்கள் போட்ட தடம் இரண்டு.

"எதிர்ல பஸ் வந்துச்சும்மா. ஒதுங்கினேன்."

"ஒதுங்குங்க, யாரு வேணாங்கிறா? ஒதுங்குறதையாவது நேரா ஒதுங்கக்கூடாதா?"

நாகேஸ்வரன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தக் காரின் நடை அப்படி. கடன் கொடுத்தவனை எதிரே கண்ட ஆள் எப்படிப் போவான்? முகம் கடைத்தெருவைப் பார்க்கும், கால் சந்துக்குள் போகும். செவர்லேயும் அப்படித்தான். போவதென்னவோ நேராகத்தான் போகும். மூக்கை மட்டும் வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போகும். கண்டியூருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பலர், இவர் நம் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று நம்பி, கேட்டைத் திறந்து காபிக்குப் பால் வைத்து ஏமாந்திருக்கிறார்கள்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சு என்று இருந்த காலத்தில் அவருடைய தாத்தா வாங்கிய கார் அது. நிலம் போயிற்று, பெரிய வீடு போயிற்று, கார் நின்றுகொண்டது. அதன் கோணலுக்கும் குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. தாத்தா ஓட்டிக்கொண்டு வரும்போது குறுக்கே ஒரு பசுமாடு வந்ததாம். மாட்டைக் காப்பாற்றக் காரைத் திருப்பிப் புளியமரத்தில் மோதினாராம். நாகேஸ்வரன் இதைச் சொல்லச் சொல்ல, பசு சினைப்பசுவாகி, பிறகு கன்றும் ஈன்றுவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா பால் சொசைட்டியே வந்துடும்," என்பாள் அவர் மனைவி விஜயம்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் போன் அடித்தது. மறுமுனையில் வீரையன்.

இந்த வீரையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாகேஸ்வரனின் மகன் விஸ்வாவும் வீரையனின் மகள் பூவிழியும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். கல்யாணம் செய்துகொள்வதென்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். இந்த வீட்டில் சரி என்றாகிவிட்டது. அந்த வீட்டில் வீரையன் மட்டும் இன்னும் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. பொதுப்பணித்துறையில் என்ஜினீயராக இருந்து, ஆறுகளில் பாலமும் மதகும் கட்டி ஓய்வு பெற்றவர். பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்பு. பூர்வீகம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என்று கேள்வி. அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று விஜயம் தடை போட்டிருந்தாள். "பூர்வீகம் கீர்வீகம்னு நோண்டினீங்க, நான் பையனோட சென்னைக்குப் போயிடுவேன்."

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் வீரையன். "உங்க வீட்டுல அந்தப் பழைய செவர்லே இன்னும் இருக்காமே? பூவிழி சொன்னா."

"இருக்குங்க."

"அப்படியேவா இருக்கு?"

"அப்படியே இருக்குங்க! நேத்து வாங்கினாப்ல!"

"நல்லதுங்க. அடுத்த வாரம் நான் அதை வந்து பார்க்கணும். பார்த்துட்டுக் கல்யாணத் தேதி பேசிக்கலாம்."

போனை வைத்த நாகேஸ்வரன் சமையலறைக்கு ஓடினார். "விஜயம், மோசம் போனோம். அவர் காரைப் பார்த்துட்டுத்தான் தேதியாம்."

"பார்க்கட்டுமே. காரு என்ன ஓடியா போகப்போவுது?"

"ஓடினாத்தான் வம்பே. பாலம் கட்டின மனுஷன்டி. இம்மி சாஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவார். ஒரு காரையே நேரா வச்சுக்கத் தெரியாத குடும்பத்துல பொண்ணு குடுப்பாரா?"

மகன் கல்யாணம் ஒரு வளைந்த இரும்பில் வந்து மாட்டிக்கொண்டது என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. வளைவை எடுத்தே தீரவேண்டும். அதுவும் குறைந்த செலவில்.

ஏனென்றால் நாகேஸ்வரன் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நகையை உரசிப் பார்த்து, "இவ்வளவுதான் தேறும்" என்று சொல்லியே பழகிய வாய். கறிவேப்பிலை கொசுறாகக் கிடைத்தாலும் இன்னும் ரெண்டு இணுக்கு கேட்பார். ஒரே விலை என்று போர்டு மாட்டிய ஜவுளிக்கடையில் பேரம் பேசி, கடைசியில் அந்த போர்டு மாட்டியிருந்த கயிற்றையாவது வாங்காமல் வரமாட்டார் என்று தெருவில் பேச்சு.

முதலில் டயர் கடைக்குப் போனார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்த கடைக்காரர், "வீல்ல ஒண்ணுமில்ல சார். அடியில சேசிஸ் வளைஞ்சிருக்கு. மனுஷனுக்கு முதுகெலும்பு மாதிரி அது. அதை நிமித்தாம என்ன செஞ்சாலும் நிக்காது," என்றார்.

"முதுகெலும்பு இருக்கட்டும்ப்பா. நீ வீலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வை. பார்க்க நேரா தெரிஞ்சா போதும்."

திருப்பி வைத்தார். கார் அதே நாலு தடத்தில் போயிற்று. கூடுதலாக ஸ்டியரிங் தலைகீழாக நின்றது. இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. கரந்தையில் திரும்பும்போது முன்னால் ஒரு சுவாமி புறப்பாடு. வளைவு முடியும்வரை ஹாரன் நிற்கவில்லை. தவில்காரர் வாசித்துக்கொண்டே திரும்பி, "அண்ணே, அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, தாளத்துல அடிங்க," என்றார்.

அன்று மாலையே பட்டுக்கோட்டை சாலையில் நுஸைபாவின் பட்டறைக்குப் போய்விட்டார்.

டிராக்டர் டிரைலர், அறுவடை மெஷின், நெல் லாரி என்று டெல்டாவில் எது முறுக்கிக்கொண்டாலும் நுஸைபாவிடம்தான் வரும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, அத்தாவின் பட்டறையை எடுத்து நடத்துகிறவள். தலையில் முக்காடு, முக்காட்டின்மேல் வெல்டிங் கண்ணாடி. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். அவள் காரின் அடியில் சறுக்கிப் போய், டார்ச் அடித்து, வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் நகைக்கடைக்குள் நுழைந்தவள் முகம் மாதிரி இருந்தது.

"மாஷா அல்லாஹ்! என்ன இரும்பு சார் இது! இப்ப வர்ற வண்டியெல்லாம் இதுக்கு முன்னாடி பிஸ்கட் டப்பா. ஆமா, யார் சார் இதை இழுத்தது?"

"இழுக்கலம்மா, மோதினது. எங்க தாத்தா வரும்போது ஒரு சினைப்பசு..."

"மோதியிருந்தா உள்ள நசுங்கியிருக்கும். இது வெளில வந்திருக்கு பாருங்க." இடப்பக்க முன் முனையைத் தட்டிக் காட்டினாள். "இங்க வடத்தைக் கட்டி யாரோ இழுத்திருக்காங்க. சும்மா இழுப்பில்ல சார் இது, என்ன ஒரு இழுப்பு! எங்க ஜாக்கிக்குக்கூட இந்தத் தெம்பு வராது."

"எங்க தாத்தா காரை யாரும்மா இழுப்பா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? யாரோ கெட்டிக்காரக் கை."

நாகேஸ்வரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழுதைப் பெரிசாக்கிச் சொல்வது ரேட்டை ஏற்றும் உத்தி என்பது அவருக்குத் தெரியாதா? "சரி, என்ன ஆகும்?"

"பாடியைக் கழட்டித் தூக்கி வச்சுட்டு, சேசிஸைத் தரையோட கட்டி இழுக்கணும்." தொகையைச் சொன்னாள்.

நாகேஸ்வரன் சிரித்தார். பேரம் தெரிந்தவர் முதலில் சிரிப்பார். நுஸைபாவும் சிரித்தாள். பேரம் நன்றாகத் தெரிந்தவர் கூடவே சிரிப்பார்.

"பாடியைத் தூக்காம செய்யக்கூடாதா?"

"செய்யலாமே. சட்டையைக் கழட்டாம குளிக்கிறதில்லையா?"

"பாதிக்கு முடிச்சுக் குடும்மா. வயசானவன் வந்து கேக்கிறேன்."

"வயசுக்கு மரியாதை உண்டு சார், தள்ளுபடி கிடையாது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். பாதி ரேட்டுக்குப் பாதி நிமித்துறேன். முன்பாதியா, பின்பாதியா?"

எந்தக் காரையும் ஜனங்கள் முன்னாலிருந்துதான் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, "முன்பாதி," என்றார் நாகேஸ்வரன். வழியெல்லாம் ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

வண்டி பட்டறையிலிருந்து திரும்பியபோது மூக்கு நேராக இருந்தது. பின்பக்கம் பழையபடி. நடுவில் மாட்டிக்கொண்ட கதவுகளுக்கு யார் பக்கம் சேருவதென்று தெரியவில்லை. பிரேக் போட்டால் இடது கதவு தானாகத் திறந்துகொண்டது.

பள்ளியக்கிரகாரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வர, பிரேக் போட்டார். கதவு திறந்து, வாருங்கள் என்பதுபோல் நின்றது. நிழலில் நின்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு ஏறி உட்கார்ந்து, கதவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"திருவையாறுதானே தம்பி போறீங்க?"

இல்லை என்று சொல்ல நாகேஸ்வரனுக்கு வாய் வரவில்லை. திருவையாற்றில் இறங்கும்போது பெரியவர், "அந்தக் காலத்து மனுஷங்கதான் இப்படிக் கதவைத் திறந்து கூப்பிடுவாங்க," என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அதன்பிறகு கதவைத் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டினார். விஜயம் அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டே கீழவாசல் மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். "ஆட்டோவுல கதவே இல்ல. எவ்வளவு நிம்மதி!" என்றாள். மிச்சக் கயிறு வெளியே தொங்கி ரோட்டில் இழுபட்டது. கலைமகள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"நாலுதான் போட்டுக்கிட்டிருந்தீங்க. இப்ப ஓரத்துல அஞ்சாவதா ஒரு கோடு வேறயா? ஆடுபுலியாட்டம் ஆடலாம் போலருக்கே!"

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீரையன் மறுபடி கூப்பிட்டார். "சார், அடுத்த வாரம்னு சொன்னேன். மனசு பொறுக்கல. இந்த வெள்ளிக்கிழமையே வந்துடறோம். உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?"

"என்னங்க சிரமம்! கார் ரெடியா இருக்கு," என்று சொல்லும்போது நாகேஸ்வரனின் கையில் தேங்காய் நார்க்கயிறு இருந்தது.

மறுநாள் காலை நுஸைபா பட்டறைக் கதவைத் திறக்கும்போது வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா பண்ணிடும்மா."

"பண்ணலாம் சார். ஆனா இப்ப ரேட்டு கூட. பாதி இழுத்ததால பழைய கோணல் ஒண்ணு, புதுக் கோணல் ஒண்ணுன்னு ரெண்டா ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குன்னா மத்த வேலையை நிறுத்தணும். வாசல்ல அறுவடை மெஷின்காரங்க என்னை அறுக்கக் காத்திருக்காங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "சரி," என்றார். வாழ்நாளில் அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்ட இரண்டாவது காரியம் அது. முதலாவது தன் கல்யாணம் என்று அவர் சொல்லிக்கொள்வார். விஜயத்தின் அப்பா வேறு மாதிரிச் சொல்வார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாகேஸ்வரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். காசு கொடுத்த இடத்தில் கண்ணை எடுக்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் காசு மறந்துபோயிற்று.

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தந்த இடத்தின் பெயரெழுதிய டப்பாவில் போட்டார்கள். செயின் பிளாக்கில் மாட்டி மேலே தூக்கியதும், பச்சைப் பாடி கோவில் மணிபோல உத்தரத்தில் தொங்கியது. கீழே எண்ணெய்க் கறுப்பில் சேசிஸ் மட்டும் நின்றது. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். இத்தனை வருஷம் தான் உட்கார்ந்து போனது இதன்மேல்தானா என்று நாகேஸ்வரனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நுஸைபா அதன் நாலு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டாள். குண்டு தொட்ட இடத்தில் தரையில் சாக்பீஸ் புள்ளி. பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்தாள். ஒழுங்கான சட்டமென்றால் குறுக்கே போகும் இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு நூல் நீண்டது, மற்றது குறைந்தது.

"இதான் சார் உங்க குடும்பக் கதை," என்றாள். "இவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கா இத்தனை வருஷம் மூக்கைத் திருப்பிக்கிட்டு இருந்துச்சு!"

சேசிஸைத் தரையில் பதித்த கொக்கிகளில் சங்கிலியால் கட்டினாள். வளைந்த முனையில் ஜாக்கியை வைத்து, மெதுவாக ஏற்றினாள். இரும்பு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தொண்டைக்குள் முனகியது. நுஸைபா ஏற்றுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. மறுபடி ஏற்றினாள். மறுபடி நின்றாள். அவசரம் என்று கத்திக்கொண்டு வந்த அறுவடை மெஷின்காரர்கூட வாயை மூடிக்கொண்டு நாகேஸ்வரன் பக்கத்தில் குந்திவிட்டார்.

நூல் சரியாக வந்துவிட்டது. நாகேஸ்வரன் கைதட்டப் போனார்.

"இன்னும் இருக்கு சார்," என்று அவள் மேலும் ஏற்றினாள்.

"ஏம்மா, தாண்டிப் போகுது! அந்தப் பக்கம் கோணிக்கப் போவுது!"

"தாண்டித்தான் இழுக்கணும். இரும்புக்குப் பழசு மறக்காது. விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். எவ்வளவு திரும்பும்னு தெரிஞ்சுக்கிட்டு அவ்வளவு கூட இழுத்து வச்சுட்டு விடணும். உங்களை மாதிரிதான் சார். பாதிக்குக் கேட்டாத்தான் முக்காலுக்கு வந்து நிக்கும்னு கேக்கறீங்க பாருங்க."

ஜாக்கியை இறக்கினாள். இரும்பு பெருமூச்சு விடுவதுபோல் அசைந்து நின்றது. நூலைப் பிடித்தாள். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே அளவு. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. அறுவடை மெஷின்காரர், "அடேங்கப்பா!" என்றார். பேரத்தில் தன்னை மடக்கியவர்மேல் வரும் மரியாதை ஒன்று உண்டு. அந்த மரியாதை நாகேஸ்வரனுக்கு அவள்மேல் வந்துவிட்டது. எழுந்து நின்று, "கொடுத்த காசுக்கு மேலயே செஞ்சிருக்கே," என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

பாடி இறங்கி உட்கார்ந்தது. இடது கதவைச் சாத்தினார்கள். கிண்ணத்தின்மேல் மூடி விழுவதுபோல் 'டொக்' என்று ஒரே சத்தம். வாசலில் அரிசி ஆலை உமிச்சாம்பலைப் பரப்பி நுஸைபாவே ஓட்டிக் காட்டினாள். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே ஏறிப் போனது. இரண்டே தடம்.

நாகேஸ்வரன் பெருமிதத்தோடு ஏறி உட்கார்ந்து கிளப்பினார். கார் நேராகப் பழைய டிரைலர் சக்கரக் குவியலில் போய் முட்டி நின்றது. முப்பது வருஷமாக இடப்பக்கம் இழுத்தே ஓட்டிய கை. கார் திருந்தினாலும் கை திருந்தவில்லை.

"பம்பர்தான் உரசியிருக்கு, பரவால்ல," என்றாள் நுஸைபா. "ஆனா ஒண்ணு சார். காரை நிமித்திட்டேன். உங்களுக்கு ஜாக்கி வைக்க என்கிட்ட வழி இல்ல. வெள்ளிக்கிழமை பையனை ஓட்டச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை வீரையன் வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கூட அவர் மனைவி அம்சம்; தலைமையாசிரியையாக இருந்தவர், வகுப்பில் பேசித் தீர்த்துவிட்டதாலோ என்னவோ வெளியே அதிகம் பேசாதவர். பூவிழி விஜயத்தோடு சமையலறைக்குள் போய்விட்டாள். விஸ்வா காரைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

கேசரி வந்தது. காபி வந்தது. தேதி வரவில்லை. வீரையனின் கண் ஜன்னல் வழியே காரின்மேலேயே இருந்தது. நாகேஸ்வரன் காரின் பெருமையைக் கொஞ்சம் ஏற்றி வைப்போமென்று தொடங்கினார்.

"எங்க தாத்தா கைராசி அந்தக் கார். ஒரு தடவை குறுக்க ஒரு பசு வந்துடுச்சு, கன்னுக்குட்டியோட. ரெண்டையும் காப்பாத்தக் காரையே புளியமரத்துல விட்டார். காருக்கு ஒரு கீறல் விழணுமே!"

"பசுவா?" என்றார் வீரையன்.

"ஆமாங்க, கன்னும்."

வீரையன் அம்சத்தைப் பார்த்தார். அம்சம் காபி டம்ளருக்குள் சிரித்துக்கொண்டார். நாகேஸ்வரன், கதை எடுபட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வீரையன் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு முன்னால் குனிந்து, இடப்பக்கத்து பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எதையோ தேடுகிற கை. கிடைக்கவில்லை போலிருக்கிறது, கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

'தேடுய்யா, நல்லாத் தேடு! நுஸைபாவா, நீயான்னு பார்த்துடுவோம்' என்று நாகேஸ்வரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஒரு ரவுண்டு போலாங்களா?" என்றார் வீரையன்.

விஸ்வா ஓட்ட, வீரையன் முன்னால் உட்கார, அம்சமும் நாகேஸ்வரனும் விஜயமும் பின்னால் ஏற, செவர்லே சாலையில் இறங்கியது. மூக்கு நேராக, முதுகு நேராக, பட்டாளத்து ஆள் மாதிரி போயிற்று. வழக்கம்போல் கேட்டைத் திறந்து வைத்தவர்கள் எல்லாம் இன்று நமக்கில்லை என்று சாத்திக்கொண்டார்கள்.

கலைமகளின் நெல் தெரிந்தது. "தம்பி," என்றார் வீரையன், "அந்த நெல்லு மேல கொஞ்சம் விடுங்க."

நாகேஸ்வரனுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. என்ஜினீயர் என்றால் என்ஜினீயர்தான்! தடம் பார்த்துச் சோதிக்கிறார்! "விடுடா விஸ்வா, தாராளமா விடு!"

கலைமகள் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். அதற்குள் கார் நெல்லைக் கடந்து நின்றுவிட்டது. வீரையன் இறங்கி, பின்னால் நடந்துபோய், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தடத்தின் அருகே உட்கார்ந்தார். எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

"ரெண்டுதான் இருக்கு," என்றார் வீரையன்.

"ரெண்டேதாங்க! நூல் பிடிச்சாப்ல!"

திட்ட வந்த கலைமகளும் குனிந்து பார்த்துவிட்டுத் துடைப்பத்தை இறக்கினாள். "இன்னைக்குத்தான்யா இது காரு மாதிரி போயிருக்கு! நாலு தடத்தை நீவி நீவி என் இடுப்பே போச்சு. எந்த மகராசன் நிமித்தினானோ, நல்லா இருக்கட்டும்!"

மறைத்து வைத்தது நடுரோட்டில் உடைந்துவிட்டது. நாகேஸ்வரன் அசடு வழியச் சிரித்தார். "சின்னக் கோணல் ஒண்ணு இருந்ததுங்க. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு வேரோட எடுத்துட்டேன். இப்ப பாருங்க, சுத்தம்!"

வீரையன் எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு, நெல்லைத் தாண்டி எங்கோ பார்த்தார். தேதி போயிற்று. கல்யாணம் போயிற்று.

"எங்கயாவது குறை இருந்தா சொல்லுங்க. அந்தப் பொண்ணு நுஸைபா இப்பவே வந்து சரி பண்ணிடும்."

"குறை ஒண்ணும் இல்லீங்க," என்றார் வீரையன். "அருமையான வேலை. இதுக்கு மேல நேரா ஆக்க முடியாது."

"அப்புறம் ஏங்க இப்படி உக்காந்துட்டீங்க?"

வீரையன் தடத்தின் ஓரத்து நெல்லை விரலால் நீவினார். வந்ததிலிருந்து வாய் திறக்காத அம்சம் கணவரின் தோளில் கைவைத்துக்கொண்டு, நாகேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்ன மாடு நெசந்தாங்க, ஆனா குறுக்க வந்த பசு இல்ல, உங்க தாத்தா குடமுருட்டி ஆத்துல இறக்கின இந்தக் காரைக் கரைக்கு இழுத்துப் போட்ட எங்க மாமனாரோட ஏர்மாடு. உங்க கார்ல எங்க பங்குன்னு இருந்தது அந்த இழுப்புல வளைஞ்ச கோணல் ஒண்ணுதான் சம்பந்தி, அதையும் நிமித்திட்டீங்களே!"